முழுக்குப் பள்ளி

தண்ணீர்க் கூஜாவை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றி வைத்துவிட்டு அந்தச் சயாமா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். எங்கள் ஊர்ப் பர்மியத்தில் வாத்தியாருக்குச் சயா, டீச்சருக்குச் சயாமா. இருபது வயது இருந்தால் அதிகம், கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய ஒரு கரேன் இனத்துப் பெண். கீழே பாயில் மூன்று வயதும் நான்கு வயதுமாக ஒரு கூட்டம் பிள்ளைகள். அதுவரை அவர்களைக் குதிக்க வைத்துப் பாட வைத்துக்கொண்டிருந்தாள். மே மாதம், மழை இன்னும் இறங்கவில்லை, எங்கள் பசுந்தாங் பேட்டை முழுக்கக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. பிள்ளைகளின் முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. ஒருத்தி கூஜாவைக் கை நீட்டிக் காட்டினாள். சயாமா சிரித்தபடி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். இன்னொருத்தி பர்மிய மொழியில் ‘யே’ என்று தண்ணீர் கேட்டாள். சயாமா காதுக்குப் பின்னால் கையை வைத்து, ஒன்றும் கேட்கவில்லையே என்று பாவனை செய்தாள். அந்தப் பிள்ளை இன்னும் பலமாகக் கேட்டது. அப்புறம் அழுதது. கடைசியில் ஜன்னலோரம் இருந்த ஒன்று அதையே எபிரேயத்தில் ‘மாயிம்’ என்று கீச்சுக்குரலில் கத்த, கூஜா இறங்கி வந்தது. அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் சின்னத் தம்ளரில் தண்ணீர் கிடைத்தது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தகப்பன்மாரும் தாய்மாரும் கை தட்டினார்கள். என் புருஷன் டேவிட் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

அங்கே சேர்க்கலாமா என்று கூட்டி வந்த எங்கள் மகள் செசிலியாவை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நான் தட்டவில்லை. அழுத பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, குடிக்கிற பிள்ளையின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்துக்குச் சொந்தக்காரர் உதயசூரியன். இப்போது அப்படிக் கூப்பிட்டால் திரும்பமாட்டார், ஊரியேல் சயா என்று கூப்பிட வேண்டும். ஆளைச் சின்ன வயதிலிருந்தே எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். இதே மாடியில் முதலில் ஜப்பான் போய்க் கிழவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு ஜப்பான் பாஷை வகுப்பு நடத்தினார். அதில் கூட்டம் குறைந்ததும் கொரியா. இப்போது எபிரேயம். பலகை மட்டும் மாறவே இல்லை. மேலே அடித்திருக்கும் நீலச் சாயத்துக்கு அடியில் பழைய கொரிய எழுத்துகளின் வட்டங்கள் இன்னும் மேடு தட்டிக்கொண்டு தெரிகின்றன. நடுவே சில வருஷம் இஸ்ரேலில் ஒரு தக்காளிப் பண்ணையில் பெட்டி அடுக்கினாராம், பாஷை அங்கே பிடித்ததுதான். அதற்காக நான் ஆளைக் குறை சொல்லமாட்டேன். பெட்டி அடுக்கினவனிடம் கற்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? எனக்கு ஆகாதது அவர் வாய்தான். கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு, ஆண்டவர் பேசின பாஷை, ஆபிரகாம் பேசின பாஷை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பேச்சுக்கு நடுவே சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து அதற்குள் சிவப்பாகத் துப்பி, அதன் வாயை முடிச்சுப் போட்டு, மறுபடி அதே பைக்குள் வைத்துக்கொள்வார்.

அன்றைக்கு அவர் விளக்கினது முழுக்கு முறை. பிள்ளையைப் பாஷைக்குள் முழுசாக அமுக்கிவிட வேண்டும், வெளியே தலையைத் தூக்க விடக்கூடாது, அப்போதுதான் ஒரு வருஷத்தில் அந்த ஊர்ப் பிள்ளை மாதிரியே பேசும் என்றார். நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானத்திலேயே தலையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிடுவதுதான் வழக்கம், யாரையும் அமுக்கி எடுக்கிறதில்லை. அவர் எங்கள் பெயரைக் கேட்டதும் முகமெல்லாம் பல்லாகி, "டேவிட்டு, ரெபேக்கா. பேர்லயே உங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சிருச்சு" என்றார். டேவிட் என்னைத் திரும்பிப் பார்த்து, கேட்டியா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். என் ஆத்தா எனக்கு ரெபேக்கா என்று பேர் வைத்தது நான் பிறந்த ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரில் ஒரு நல்ல நர்ஸ் இருந்ததால்.

கீழே இறங்கும்போது வாசலில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. அப்புறம்தான் தண்ணீர்ப் பானைகள் இல்லையென்று புரிந்தது. இந்த ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு நிழலில் மரத்தட்டு வைத்து, மண்பானை ரெண்டு, மேலே மூடி, மூடிமேல் ஒரு குவளை இருக்கும். போகிறவன் வருகிறவன் யாராயிருந்தாலும் குடிக்கலாம், யாரும் பேர் கேட்கமாட்டார்கள். அந்தக் கட்டடத்து வாசலில் தரைத்தளத்து டோ கின் அம்மா தன் செத்துப்போன மகன் பேரில் அதை வைத்திருந்தாள். எங்கே பானை என்று கேட்டேன். மாடிச் சயா எடுக்கச் சொல்லிவிட்டார் என்றாள். வகுப்பு நடுவே பிள்ளைகள் படியிறங்கி ஓடி வந்து குடித்துவிட்டுப் போகின்றனவாம், அப்புறம் பாடம் எப்படி ஏறும் என்று சத்தம் போட்டாராம். தெருக்கோடியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன், அங்கே வெயில், தண்ணீர் சுடுகிறது என்றாள். சொல்லிவிட்டு என் மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இதையே டேவிட்டிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் எதற்காக அந்தப் பள்ளிக்குத் தவிக்கிறார் என்று எனக்கும் தெரியும். எங்கள் எதிர்க்கட்டடத்தில் ஒரு பையனைப் பஸ் ஸ்டாப்பில் வைத்துப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கோழி வாங்கப் போனவன் அவன். டேவிட்டுக்கு முப்பத்து மூன்று வயது, முப்பத்தைந்து வரை பட்டாளத்துக்குப் பிடிக்கிற சட்டம் இன்னும் அவரை விடவில்லை. அலோன் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் வேலை. முன்பெல்லாம் வேலை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க் கதை பேசிவிட்டு வருவார். இப்போது இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்குள் வந்து, வந்ததும் மேல் தாழ்ப்பாளையும் போட்டுவிடுகிறார். வெளிநாடு போக விண்ணப்பித்தால் அவர் வயசுக்காரர்களை ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். உதயசூரியன் சொன்னது, பிள்ளை அங்கே படிக்கத் தகுதியானால் குடும்பத்தோடு கூப்பிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், தனக்கு அவர்களைத் தெரியும் என்று. யார் அவர்கள் என்று கேட்டேன். எல்லாம் விசுவாசம்தான் அம்மா என்றார். அங்கேயும் சண்டைதானே நடக்கிறது என்று டேவிட்டிடம் கேட்டேன். அங்கே எங்கே குண்டு விழும் என்று முன்னாலேயே சங்கு ஊதுவார்களாம், இங்கே சங்குகூட ஊதமாட்டார்கள் என்றார்.

வேறு பள்ளிக்கூடம் இல்லாமலில்லை. அரசாங்கப் பள்ளி வாசலில் துப்பாக்கியோடு ஆள் நிற்கிறான். ஆங்கிலப் பள்ளிகளின் வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தோம், உள்ளே போகிற கார்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். கன்னியர் மடத்து நர்சரியை மூடிவிட்டார்கள். லத்தாவில் நான் வேலை பார்க்கிற பிளாஸ்டிக் சாமான் மொத்தக்கடையில் சீன முதலாளியம்மா, பேசாமல் சீனப் பள்ளியில் போடு, நான் சொல்கிறேன் என்றாள். ஊரில் எல்லோரும் ஆளுக்கொரு பாஷையைக் கயிறு மாதிரிப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தெருக் கரீமாகூடத் தன் பேத்தி வயசு மகளை உதயசூரியனிடம்தான் சேர்த்திருந்தாள். உங்கள் பள்ளிவாசலில் ஒன்றும் சொல்லமாட்டார்களா என்று கேட்டேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டே, நிமிராமல் சொன்னாள்: "எந்தக் கதவு தொறந்திருக்கோ அதுல நுழைய வேண்டியதுதான் ரெபேக்கா. கதவுக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு பாக்குற காலமா இது?"

சேர்த்தோம். முதலில் பரீட்சார்த்தமாகக் கொஞ்ச நாள், பிடித்திருந்தால் ஜூனில் தாயும் தகப்பனும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஏற்பாடு. கையெழுத்துப் போட்டால் காலையிலிருந்து சாயங்காலம் வரை பிள்ளை அங்கேதான். வீட்டிலும் அதனோடு வேறு பாஷையில் பேசக் கூடாது. அதாவது நான் என் மகளோடு பேசக் கூடாது. எனக்குத் தெரிந்த எபிரேயம் ஆமென், அல்லேலூயா, அதுவும் கோயிலில் எல்லோரும் சொல்லும்போது கூடச் சொல்வது.

பாஷை விஷயத்தில் எங்கள் வீடு ஒன்றும் ஒழுங்கான வீடு இல்லை. செசிலியாவோடு நாங்கள் பேசுவது பெரும்பாலும் பர்மியம். தமிழ் திட்டுவதற்கும் ஜெபத்துக்கும். அவளும் தமிழைக் கேட்டால் எதற்கோ அடி விழப் போகிறது, இல்லையென்றால் முழங்கால் போட வேண்டும் என்றுதான் நினைப்பாள். முழுத் தமிழ் பேசுவது என் மாமனார் சிலுவைமுத்து ஒருவர்தான். அதுவும் அவராகத் தேர்ந்ததல்ல. அலோன் துறையில் கப்பல் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்தவர், கப்பலில் எந்த நாட்டுக்காரன் வந்தாலும் அவன் பாஷையில் நாலு வார்த்தை பேசி அனுப்புவார் என்று டேவிட் பெருமையாகச் சொல்வார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. ஆங்கிலம், பர்மியம், இந்தி எல்லாம் ஒரே ராத்திரியில் போய்விட்டன. கொஞ்சம் தமிழ் மட்டும் மிஞ்சியது. தண்ணி, பசி, வலிக்குது, போதும். ஆத்தா என்று பேத்தியைக் கூப்பிடுவார். ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை மடியில் போட்டபடி, தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தம்ளரைத் தூக்கிக் கொடுப்பது செசியின் வேலை. பெரிய மனுஷி மாதிரி ரெண்டு கையாலும் பிடித்து வாயில் வைப்பாள்.

பள்ளியில் எங்கள் பிள்ளைதான் முதல். நான் ஒன்று சொல்லிவிடுகிறேன், அவள் மக்காக இருந்துவிட்டால் நல்லது, தானே வெளியே தள்ளிவிடுவார்கள் என்று நான் வேண்டிக்கொண்டேன். நடந்தது நேர்மாறு. முதல் வாரத்திலேயே தண்ணீர், ரொட்டி, வா, போ, உட்கார் எல்லாம் வந்துவிட்டது. அவளுக்கு ஷிரா என்று பெயர் மாற்றினார்கள். ‘இமா’ என்றால் அம்மா, ‘அபா’ என்றால் அப்பா என்று வீட்டில் வந்து சொன்னபோது டேவிட்டுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாரு, நம்ம பாஷைக்குச் சொந்தக்காரப் பாஷை மாதிரியே இருக்கு என்றார். அவர் தன்னைத் தமிழில் ‘அப்பா’ என்று சொன்னால் தலை தூக்காத பிள்ளை, ‘அபா’ என்று கழுத்தைக் கட்டிக்கொண்டது. எனக்கும் அந்த நிமிஷம் சந்தோஷம் வந்தது. வந்த சந்தோஷத்தை நினைத்தாலே இப்போது கசக்கிறது. உதயசூரியன் என்னைத் தெருவில் பார்த்து, உங்கள் பிள்ளைக்கு ஆண்டவரின் கை இருக்கிறது என்று வெற்றிலை வாயால் சிரித்தார். சிரிப்பில் பாதி என் கைமேல் தெறித்தது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன்.

இதற்கிடையே செசிக்கு வயிறு கெட்டது. ரெண்டு தடவை. முதல் தடவை கஞ்சியும் மாத்திரையுமாகச் சரியாயிற்று. இரண்டாம் தடவை பிள்ளை துவண்டுவிட்டாள். டாக்டர் கொதிக்க வைக்காத தண்ணீர் எதுவும் குடித்தாளா என்று கேட்டார். வீட்டில் நான் பால் மாதிரிக் காய்ச்சி வடிகட்டித்தான் கொடுக்கிறேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் பெரிய பாட்டில் தண்ணீர்தான், நானே பார்த்தேன் என்று டேவிட்டும் சொன்னார். எனக்குச் சந்தேகமெல்லாம் தெருமுனையில் மொஹிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய சேமியா, விற்கிற பெண்மேல் போயிற்று. காலையில் செசிக்கு அங்கேதான் வாங்குவோம். நேராகப் போய், நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எந்தச் சாக்கடையில் கழுவுகிறாய் கிண்ணத்தை என்று கேட்டுவிட்டேன். அவள் கிண்ணத்தை என் முன்னால் எடுத்துக் காட்டினாள். சுத்தமாகத்தான் இருந்தது. நான் அதையும் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை கையெழுத்து. அதற்கு முந்தின வாரம் வீட்டு முழுக்கு என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வீட்டில் வேறு பாஷை பேசக் கூடாது, அதைப் போனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும், அங்கே இருந்து உதவுகிறவர்கள் பார்ப்பார்கள் என்றார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு மணி நேரம் எப்படி இருக்கும்? டேவிட்டுக்கு ஏதோ கொஞ்சம் வார்த்தைகள், எனக்கு அதுவும் இல்லை, மாமனாருக்கு ஒன்றுமே இல்லை. நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சட்டி சத்தம் கேட்கும். உப்பு வேண்டுமென்றால் கையைக் காட்டுவேன். சாவு வீட்டில்கூட இதைவிடப் பேச்சு இருக்கும். பள்ளியில் வேறு புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். இனிமேல் ஒற்றை வார்த்தைக்குத் தண்ணீர் கிடையாது, முழு வாக்கியமாகக் கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம். தெரு முழுக்க ‘மீ லாபி’, கரண்ட் வந்துவிட்டது என்று கத்துகிற சத்தம் கேட்டது. டேவிட் அவசரமாக விளக்கைப் போட்டு, போனை நேராக்கிக்கொண்டார். இதுதான் கடைசிப் படம், நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். செசி தாத்தா பக்கத்தில் முக்காலியில், முன்னால் மேசையில் கூஜாவும் தம்ளரும். அவள் பாட்டு ஒன்று பாடினாள். விரல்களைக் காட்டி எண்ணினாள். டேவிட் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். அப்போது மாமனார், அவருக்குப் படமென்ன முழுக்கென்ன, "தண்ணி" என்றார்.

செசி தம்ளரில் கை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. தலையைச் சாய்த்து, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள். மாமனார் அவளைப் பார்த்தார். "தண்ணி குடு ஆத்தா" என்றார், பிள்ளைக்கு விளங்கவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் நிறுத்தி, தெளிவாக. செசி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். "லோ" என்றாள். இல்லை என்று அர்த்தம்.

நான் டேவிட்டைப் பார்த்தேன். அவர் போனை இறக்கவில்லை. போனுக்கு மேலாகத் தன் அப்பாவைப் பார்த்து, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து, மா, யிம் என்று சொல்லிக் காட்டினார். பாவம், அவர் முகத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், படம் எவ்வளவு நன்றாக வரும், கிழவரும் பேத்தியும். மாமனார் மகனின் வாயைப் பார்த்தார். நாக்குத்தான் போயிற்றே தவிர அவருக்குப் புத்தி எங்கேயும் போகவில்லை. எல்லாம் விளங்கிற்று. வாயை இறுக்க மூடிக்கொண்டு, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தொண்டை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

என் புருஷன்மேல், என் பிள்ளைமேல், அந்தப் போன்மேல் எனக்கு வந்த அருவருப்பை எப்படிச் சொல்வது? பெற்ற பிள்ளையின் கையையே தட்டிவிட வேண்டும்போல இருந்தது. எழுந்து போய்த் தம்ளரை எடுத்து மாமனார் வாயில் வைத்தேன். முகத்தைத் திருப்பாமலே குடித்தார், பாதி தாடையில் வழிந்தது. இதில் கேவலம் என்னவென்றால், இத்தனையும் செய்தபோது நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. படம் ஓடுகிறதே என்று.

டேவிட் போனை இறக்கினார். குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார்: "ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா? அவரு சொல்லியிருப்பாரு."

"சொல்லிட்டாரே. ரெண்டு தடவ சொன்னாரு."

அவர் சட்டை நுனியால் போனைத் துடைத்தார். "நாளைக்கு என்னை லாரியில ஏத்திக்கிட்டுப் போறான்னு வை. அப்ப நீ எந்தப் பாஷையில அழுவே, சொல்லு" என்றார்.

அவர் அதை வாதத்துக்காகச் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் தாழ்ப்பாள் போடும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு போடுகிறார். நான் போய் மூலையில் உட்கார்ந்தேன். சரி, எடுங்கள் என்று கையைக் காட்டினேன்.

இந்தத் தடவை தாத்தா வேண்டாம், செசி மட்டும் போதும் என்று முடிவாயிற்று. டேவிட் கூஜாவைத் தூக்கி அலமாரிமேல் வைத்தார். செசி பாட்டுப் பாடியதாலோ என்னவோ உண்மையிலேயே தாகமாக இருந்தாள், நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டாள். "மாயிம்" என்றாள். டேவிட் சிரித்த முகத்தோடு விரலை ஆட்டினார். முழுசாக. அவள் யோசித்தாள். "அனி" என்றாள், நான் என்று அர்த்தமாம். அடுத்த வார்த்தை வரவில்லை. "அனி... மாயிம்." டேவிட் மறுபடி விரலை ஆட்டினார். நான் மூலையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுவாள், அழுதால் தூக்கிவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் அழவில்லை. கூஜாவை இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, முக்காலியிலிருந்து இறங்கி, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, பின்பக்கம் போனாள். டேவிட் போனை நிறுத்தினார். சுண்டு விரலைக் காட்டினார், ஒன்றுக்குப் போகிறாளாம்.

எங்கள் வீட்டில் கக்கூஸும் குளிக்கிற இடமும் ஒன்றேதான். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரைச் சிமெண்டுத் தொட்டியில் பிடித்து வைத்திருப்போம், மழைக்கு முன்னால் செம்பழுப்பாக இருக்கும். குடிக்கக் கூடாது என்பது குழந்தைக்கும் தெரியும். அவள் போய் நேரமாகிவிட்டது. கழுவிவிட வேண்டுமோ என்று எழுந்து போனேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே பிளாஸ்டிக் மக்கு தண்ணீரில் முங்கி எழுகிற சத்தம். தள்ளினேன்.

செசி தொட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டு, கால் கழுவுகிற சிவப்பு மக்கை வாயில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். அவசரமில்லை. நாலைந்து மடக்குக் குடிப்பது, நிறுத்தி மூச்சு வாங்குவது, வாசல்பக்கம் காதைக் கொடுப்பது, மறுபடி குடிப்பது. பழகின கை. சட்டையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. என்னைப் பார்த்ததும் திடுக்கிடவில்லை, மக்கை மறைக்கவுமில்லை. ஈரத் தரையில் குந்தினபடியே நகர்ந்து, சுவரோடு ஒண்டிக்கொண்டு, எனக்கு இடம் விட்டாள். பிறகு மக்கைத் தொட்டிக்குள் சத்தம் வராமல் அமுக்கி, நிரப்பி, ரெண்டு கையாலும் பிடித்து என் பக்கம் நீட்டினாள்.